சாரலுக்கு ஏத்த வாட்டர் கலர் ஐடியா வேணும்

செங்கோட்டைப் பக்கம் சாரல் ஆரம்பிச்சாச்சு. பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளயே வாட்டர் கலர், பேப்பர் வேலைதான். மெழுகு கிரேயான்ல கோலம் போட்டு மேல தண்ணிக் கலர் பூசுனா, மெழுகு இருக்குற இடத்துல மட்டும் கலர் ஒட்டாம கோலம் பளிச்சுன்னு வருது. சின்னவ குதிச்ச குதி இருக்கே! டிஷ்யூ பேப்பர்ல ஸ்கெட்ச் பேனாவால புள்ளி வச்சு, சொட்டுத் தண்ணி விட்டு, நடுவுல நூல் கட்டினா பட்டாம்பூச்சி.

ஆனா இந்த ஈரக் காத்துல எதுவும் சீக்கிரம் காயல. 75 ஜிஎஸ்எம் (தாளோட கனத்தைச் சொல்ற அளவு) ஜெராக்ஸ் பேப்பர் அப்பளமா சுருண்டுருது. 300 ஜிஎஸ்எம் தாள் தண்ணியத் தாங்குது, மடிச்சா மடிப்புல வெடிக்குது. ரெண்டுக்கும் சரிப்படுற தாள் எது? தென்காசியிலயோ புனலூர்லயோ கிடைச்சா நல்லது. ஆறு வயசுப் பிள்ளை தானாவே செய்ற மாதிரி வேற ஐடியா இருந்தாலும் சொல்லுங்கக்கா.