ரோபோட்டிக்ஸ் டீமில் பிள்ளையைச் சேர்ப்பதா? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

பள்ளி திறந்ததும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. அபார்ட்மென்ட்டில் தெரிந்தவர் ஒருவர், "எங்க டீம்ல ஒரு இடம் காலியா இருக்கு, இந்த வாரத்துக்குள்ள சொல்லிடுங்க" என்கிறார். ஊர் மாறிய அலுப்பே இன்னும் போகாத குடும்பம் என்ன பதில் சொல்லும்? பள்ளி டீம் ஒன்றுக்குச் சில வருடங்களாக மென்டராக (வழிகாட்டியாக) இருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். ஃபர்ஸ்ட் என்பது பிள்ளைகள் டீமாகச் சேர்ந்து ரோபோ கட்டி மோதும் போட்டிகளை நடத்தும் அமைப்பு, கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989-இல் தொடங்கியது. அதில் சின்னப் பிள்ளைகளுக்கு எஃப்.எல்.எல். (ஃபர்ஸ்ட் லெகோ லீக்; லெகோவை வைத்துச் செய்வது, இங்கே சேலஞ்ச் பிரிவு 9 முதல் 14 வயது வரை), ஏழாம் வகுப்பிலிருந்து எஃப்.டி.சி. (ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்), ஒன்பதாம் வகுப்பிலிருந்து எஃப்.ஆர்.சி. (ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் காம்பெடிஷன்). கடைசியாகச் சொன்னதில் ரோபோ ஐம்பது கிலோ அளவுக்கு இருக்கும். மரமும் உலோகமும் அறுக்கிற பட்டறை வேலை. வெக்ஸ் என்பது ஃபர்ஸ்டோடு சேராத வேறொரு ரோபோ போட்டி. அதில் ஐ.க்யூ. பிரிவு பிளாஸ்டிக் துண்டுகள், வி5 பிரிவு உலோகம். எது உசத்தி என்று பெற்றோர் குழுக்களில் ஓயாமல் சண்டை நடக்கும். அதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்கள் பள்ளியில் எது இருக்கிறதோ, பெரும்பாலும் அதுதான் உங்களுக்கு.

பிள்ளைக்குத் திறமை இருக்கிறதா என்றுதான் எல்லோரும் யோசிக்கிறார்கள். நான் கேட்பது வேறு: அந்த டீமில் ரோபோவைத் தொடுவது யார்? சேருவதற்கு முன் ஒரு சாதாரண நாள் பயிற்சிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். போட்டி நாளில் எல்லா டீமும் அழகாகத்தான் தெரியும். பயிற்சியில் லேப்டாப் யார் மடியில் இருக்கிறது, ஸ்க்ரூ டிரைவர் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஏதாவது உடைந்தால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கிறார்களா, அல்லது எல்லோரும் ஒரே அப்பாவைத் திரும்பிப் பார்க்கிறார்களா? அந்த ஒரு மணி நேரத்திலேயே டீமின் லட்சணம் தெரிந்துவிடும்.

இது நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய இடம் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். எஃப்.எல்.எல்., வெக்ஸ் ஐ.க்யூ. மாதிரி சின்ன டீம்கள் பல, வீட்டு கராஜில் பெற்றோர் நடத்துபவை. நடத்துபவர் பகலில் மென்பொருள் வேலை பார்ப்பவர். பத்து வயதுப் பிள்ளை மூன்று வாரம் திணறி எழுதும் புரோகிராமை அவர் இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார். கை சும்மா இருக்காது. வெக்ஸ் போட்டிகளில் வடிவமைப்பு, கட்டுமானம், கோடிங் மூன்றையும் மாணவர்களே செய்ய வேண்டும் என்று விதியே இருக்கிறது. எஃப்.எல்.எல்.-இலும் வேலை பிள்ளைகளுடையது, கோச் வழிகாட்டலாம், அவ்வளவுதான். எஃப்.ஆர்.சி. கொஞ்சம் வேறு மாதிரி. பொறியாளர்கள் மாணவர்களோடு சேர்ந்து வேலை செய்வதை அது வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. ஆகவே அங்கே ஒரு மென்டர் கையில் ட்ரில் இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். பக்கத்தில் நிற்கும் மாணவன் எதற்காக அந்த இடத்தில் துளை போடுகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டால் சரிதான்.

பெரியவர்கள் கட்டிய ரோபோ நடுவர்களிடம் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம். நடுவர்கள் நடத்தும் நேர்காணலில் பெரியவர்கள் வாய் திறக்கக் கூடாது. "இந்தக் கை ஏன் இவ்வளவு நீளம்?" என்று கேட்டால் பிள்ளைதான் சொல்ல வேண்டும். கட்டாத பிள்ளைக்கு என்ன தெரியும்?

அடுத்து, உங்கள் பிள்ளைக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேளுங்கள். முப்பது நாற்பது பேர் இருக்கும் எஃப்.ஆர்.சி. டீமில் போட்டியன்று ரோபோவை ஓட்டுவது இரண்டு மூன்று பேர். மற்றவர்கள் பிட்டில் (அரங்கில் டீமுக்கு ஒதுக்கிய பழுதுபார்க்கும் இடம்) பழுது பார்ப்பார்கள், மற்ற டீம்களின் ஆட்டத்தைக் கவனித்துக் குறிப்பெடுப்பார்கள் (ஸ்கவுட்டிங்), ஸ்பான்சர்களுக்குக் கடிதம் எழுதுவார்கள். எல்லாம் உண்மையான வேலைதான். ஆனால் புதிதாக வந்த, அதிகம் பேசாத பிள்ளையிடம் நோட்புக்கைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்துவிடுவது நடக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகம்: போஸ்டர், அலங்காரம், பிரசன்டேஷன். அவளுக்கே அது பிடித்திருந்தால் வேறு விஷயம். இல்லையென்றால் சீசன் நடுவிலேயே கோச்சிடம் போய், "மெக்கானிக்கல் பக்கமும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே" என்று சொல்லுங்கள். இந்த ஊரில் அப்படிக் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்காவிட்டால் உங்களுக்குச் சம்மதம் என்றுதான் நினைப்பார்கள்.

வந்த முதல் வருடமே சேர்க்கலாமா? பள்ளி நடத்தும், யாரும் வரலாம் என்கிற கிளப் என்றால் தாராளமாக. ஆங்கில உச்சரிப்பு பற்றிக் கூச்சம் இருக்கும் பிள்ளைக்கு வேலை செய்துகொண்டே பேசுவது எளிது. மதியச் சாப்பாட்டு மேசையில் உட்கார நாலு பேர் கிடைப்பார்கள். தேர்வு வைத்து எடுக்கும், வாரம் ஐந்து நாள் கூப்பிடும் டீம் என்றால் ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்வேன். புதுப் பள்ளி, புதுப் பாடமுறை, புது நட்பு எல்லாம் ஒன்றாக வரும்போது தோல்வியையும் சேர்த்துத் தலையில் ஏற்ற வேண்டாம்.

நேரம். எஃப்.ஆர்.சி.க்கு அந்த வருட ஆட்டம் ஜனவரி தொடக்கத்தில் அறிவிக்கப்படும். மார்ச்சில் போட்டிகள் மும்முரமாகிவிடும். நடுவில் இருக்கும் வாரங்களில் பிள்ளையை வீட்டில் பார்ப்பது அரிது. எஃப்.எல்.எல். தகுதிப் போட்டிகள் பல மாநிலங்களில் நவம்பர், டிசம்பரிலேயே வந்துவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாம் ஊருக்கு டிக்கெட் போடுவது அதே டிசம்பர், ஜனவரியில்தான். ஐந்தாறு பேர் மட்டும் இருக்கும் டீமில் ஒரு பிள்ளை நான்கு வாரம் காணாமல் போனால் மற்ற வீடுகளில் முகம் தூக்குவார்கள், நியாயமும் இருக்கிறது. டிக்கெட் தேதியை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் ஒரே கார் என்றால் அதையும் கணக்கில் வையுங்கள். இரவு ஒன்பது மணிக்கு யார் போய்க் கூட்டி வருவது? கார்பூல் கேட்கத் தயங்க வேண்டாம், பதிலுக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க நின்று உதவினால் போதும்.

பணம் பற்றி ஒன்றுதான்: "சீசன் முழுக்க மொத்தம் எவ்வளவு, பயணமும் ஹோட்டலும் சேர்த்து?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் சொல்லும் கட்டணத்தில் பயணம் பெரும்பாலும் இருக்காது. கஷ்டமென்றால் கோச்சிடம் தனியாகச் சொல்லுங்கள். சலுகை தரும் பள்ளிகள் உண்டு. ஊழியர் தன்னார்வமாக உழைக்கும் மணிகளுக்கு நன்கொடை தரும் கம்பெனிகளும் இருக்கின்றன, உங்கள் எச்.ஆரிடம் விசாரியுங்கள்.

பெற்றோர் என்னிடம் கேட்ட சில கேள்விகளுக்கு:

காலேஜ் அட்மிஷனுக்கு உதவுமா? நாலு வருடம் ஈடுபாட்டோடு செய்தால் எழுதுவதற்கு விஷயம் இருக்கும். அதற்காக மட்டும் சேர்த்தால் பிள்ளை இரண்டாம் வருடமே கழன்றுகொள்ளும்.

கட்டுவது பிடிக்கும், போட்டி என்றால் வயிறு கலங்குகிறது என்றால்? போட்டியே வேண்டாம். பல பொது நூலகங்களில் மேக்கர்ஸ்பேஸ் (கருவிகளை வைத்து எதையாவது செய்து பார்க்கும் அறை) இலவசம். புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகையான ஆர்டுயினோ போர்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். சாரணர் (ஸ்கவுட்) இயக்கத்தில் இருந்தால் ரோபோட்டிக்ஸ் மெரிட் பேட்ஜ் இருக்கிறது. போட்டியிலேயே மென்மையானது வேண்டுமென்றால் வெக்ஸ் ஐ.க்யூ.வைப் பாருங்கள், டீம்வொர்க் ஆட்டத்தில் இரண்டு டீம்கள் சேர்ந்து ஆடி, ஒரே மதிப்பெண்ணைப் பெறும்.

நடுவில் விட்டுவிடலாமா? தூக்கம், சாப்பாடு கெட்டால் உடனே. வெறும் சலிப்பு என்றால் அடுத்த போட்டி வரை இருக்கச் சொல்லுங்கள், மற்றவர்கள் இவன் செய்யும் பகுதியை நம்பி இருப்பார்கள்.

கனடாவில் இருக்கிறோம், டீம் உலகப் போட்டிக்குத் தகுதி பெற்றால் என்ன செய்வது? எஃப்.ஆர்.சி. உலகப் போட்டி ஏப்ரலில் ஹூஸ்டனில் நடக்கிறது. இந்திய பாஸ்போர்ட் என்றால் பிள்ளைக்கும் கூடப் போகும் பெற்றோருக்கும் அமெரிக்க விசா வேண்டும், நேர்காணலுக்குக் காத்திருப்பு மாதக்கணக்கில் போகலாம். மார்ச்சில் தகுதி பெற்ற பிறகு விண்ணப்பித்தால் நேரம் போதாது. போக வாய்ப்புள்ள டீம் என்றால் இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள், அதற்கு முன் பாஸ்போர்ட் முடியும் தேதியைப் பாருங்கள்.