பெயரைத் திருடுவதே குற்றமா, அதனால் ஏமாற்றுவது மட்டும் குற்றமா?

கண்மாய்க்கரை:
என் பெயரிலும் படத்திலும் யாரோ ஒருவர் சமூக வலைத்தளம் ஒன்றில் கணக்கு தொடங்கி, கண்மாய்ப் பாசனம் பற்றி நான் எழுதிய பழைய குறிப்புகளையே இரண்டு வாரம் பதிந்து, படிப்பவர்களின் நம்பிக்கையைப் பெற்ற பிறகு ஒரு சாதியாரை இழித்து எழுதத் தொடங்கினார். காவல் நிலையத்தில் “பணம் ஏதும் போனதா?” என்றுதான் முதலில் கேட்டார்கள். பணம் போகவில்லை, ஆனால் இருபது ஆண்டுகளாக என்னோடு வரத்துக்கால்களைத் தேடி அலைந்த நண்பர் இன்றுவரை என் அழைப்பை எடுப்பதில்லை. பிறர் பெயரை அனுமதியின்றி எடுத்து எழுதுவதே, வேறு இழப்பு உண்டா என்று பாராமல், குற்றமாக வேண்டும்.

நடுநிசி வாசகன்:
உங்களுக்கு நேர்ந்தது கொடுமைதான், அம்மா. ஆனாலும் நீங்கள் கேட்கும் சட்டத்தை என்னால் ஏற்க இயலவில்லை. தலைப்பெழுத்து உட்பட ஒரே பெயருள்ள இருவர் ஒரே தெருவில் இருக்கும் ஊர் நம்முடையது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு கடவுச்சொல், மின்கையொப்பம் போன்ற தனித்த அடையாளத்தை மோசடியாகவோ நேர்மையற்ற முறையிலோ பயன்படுத்துவதையும், 66டி பிரிவு கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதையும் தண்டிக்கின்றன; இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. ‘மோசடியாக’ என்ற நிபந்தனையை எடுத்துவிட்டால், அமைச்சர் பெயரில் பகடிக் கணக்கு நடத்தும் மாணவர்தான் முதலில் சிறைக்குப் போவார். 2012இல் புதுச்சேரியில் ஒருவர் ஒரு ட்விட்டர் பதிவுக்காக, இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைத் தண்டித்த அதே சட்டத்தின் 66ஏ பிரிவில் கைதானதையும், அந்தப் பிரிவையே உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் செல்லாததாக்கியதையும் மறந்துவிடக் கூடாது.

கண்மாய்க்கரை:
பகடி, தான் பகடி என்பதைக் காட்டிக்கொள்ளும். என் பெயரில் எழுதியவரோ நானே எழுதுவதாக நம்பவைத்தார். 2015இல் ரஜினிகாந்த் தம் பெயரைத் தலைப்பில் கொண்ட இந்திப் படத்தை எதிர்த்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததோடு, இன்னார் என்று அடையாளம் தெரிந்தாலே போதும், ஏமாற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்றது. நடிகருக்குக் கிடைத்த காப்பு எனக்கு ஏன் இல்லை?

நடுநிசி வாசகன்:
அந்த உரிமை புகழ்பெற்ற நிலையை அடைந்தவர்களுக்கே உரியது என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. மேலும் அது உரிமையியல் வழக்கு. யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை. உங்களுக்கு விரைவான வழி, சமூக வலைத்தளங்கள் போன்ற தளங்களுக்காக அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் வந்த 2021ஆம் ஆண்டின் விதிகளில் இருந்தது: ஆள்மாறாட்டம் என்று பாதிக்கப்பட்டவர் முறையிட்டால், தளம் 24 மணி நேரத்துக்குள் அதை நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றே அவை வெளியாயின.

உப்பளம்:
அந்த வழியில் ஒரு முட்டு இருக்கிறது. நான் புனைபெயரில் எழுதுகிறேன். என்னைப்போல் ஒருவர் முளைத்தபோது, தளம் அரசு அடையாள அட்டையைக் கேட்டது. என் அட்டையில் அந்தப் பெயர் இல்லை. ஒன்பது ஆண்டு எழுத்து சான்றாகக் கொள்ளப்படவில்லை.

கண்மாய்க்கரை:
சிறை வேண்டாம் என்ற வாதத்தில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன், வாசகன் ஐயா. ஆனால் முறையிட்ட பிறகு கணக்கை நீக்கினார்களே தவிர, அதைப் படித்தவர்கள் எவருக்கும் அது போலி என்று தெரிவிக்கவில்லை. போலிக் கணக்கைப் பின்தொடர்ந்த ஒவ்வொருவருக்கும் தளமே அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்ற கடமையையாவது சட்டத்தில் சேர்க்கச் சொல்கிறேன். அந்த அறிவிப்பு போயிருந்தால் என் நண்பர் தொலைபேசியை எடுத்திருப்பார்.