கலைச்சொல் கேட்பு: கீட்டோ தொடங்கியதும் பசி போவதற்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

சென்னையில் ஓர் உணவியல் ஆலோசனை மையத்துக்காக, கீட்டோ உணவுமுறை (மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டி உண்பது) தொடங்குபவர்களுக்கான கையேடு ஒன்று தமிழாக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்து பலருக்குப் பசியே எடுப்பதில்லை. மூலத்தில் இதற்கு ஒரே சொல்தான். 'பசியின்மை' என்று போட்டுவிட்டால் தீர்ந்தது என்றுதான் முதலில் தோன்றும்.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சொல் கையேட்டில் மூன்று இடத்தில் வருகிறது. முதலிடத்தில் 'இது எதிர்பார்த்ததே, வற்புறுத்தி உண்ண வேண்டாம்' என்கிறார்கள். இரண்டாமிடத்தில் 'உப்புச் சேர்த்துப் பாருங்கள்'. மூன்றாமிடத்தில் 'உடனே மருத்துவமனைக்குப் போங்கள்'. ஒரே தலைச்சொல்லின் கீழ் மூன்று அறிவுரை. பக்கத்தைப் புரட்டும் ஆள் முதலில் கண்ணில் படுவதைத்தான் செய்வார்.

இதுவரை கைவசம் இருப்பவை: பசியின்மை, பசியடக்கம், பசித்தணிவு, பசியமர்வு. அடித்துத் திருத்துங்கள்.

— மொழிபெயர்ப்பாளர், மயிலாப்பூர்

பொருள்: மறு: கலைச்சொல் கேட்பு

> ஒரே தலைச்சொல்லின் கீழ் மூன்று அறிவுரை.

அம்மா, சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். மூன்றும் மூன்று வேறு நிலைகள். உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், சொல்லை அதிலிருந்து எடுக்கலாம்.

கீட்டோவில் ஒரு நாளைக்கு மாவுச்சத்து 20 முதல் 50 கிராம்தான். நாலு இட்லியும் ஒரு கிண்ணம் சாம்பாரும் போதும், அன்றைய கணக்கு முடிந்துவிடும். கல்லீரலில் கிளைக்கோஜனாக இருக்கும் சர்க்கரைக் கையிருப்பு ஏறத்தாழ 100 கிராம். ஓரிரு நாளில் அது வற்றியதும் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களை, அதாவது சர்க்கரைக்குப் பதிலாக உடல் எரிக்கும் பொருள்களை, உண்டாக்குகிறது. இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 மில்லிமோலைத் தாண்டினால் கீட்டோன் நிலை என்று கணக்கு.

எடை குறையும்போது கிரெலின் என்னும் பசி ஹார்மோன் ஏறுவது வழக்கம். பட்டினி கிடந்து எடை குறைப்பவர்கள் இரவில் அடுப்படியைச் சுற்றி வருவது அதனால்தான். கீட்டோன் நிலை நீடிக்கும்வரை அந்த ஏற்றம் மட்டுப்படுகிறது. மாவுச்சத்தைத் திரும்பச் சேர்த்தால் பசியும் திரும்பிவிடும். கொழுப்பு இரைப்பையை மெதுவாகக் காலியாக்குவதும், புரதம் வயிற்றை நெடுநேரம் நிறைவாக வைத்திருப்பதும் கூடச் சேர்கின்றன. இது முதல் நிலை. நோயல்ல.

இரண்டாவது நிலைக்குக் காரணம் வேறு. இன்சுலின் இறங்கியதும் சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்காமல் வெளியே விடுகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் நீரைக் கட்டி வைத்திருந்தது. அதுவும் சேர்ந்து போகிறது. முதல் வாரத்தில் எடைக்கருவியில் குறைகிற இரண்டு கிலோவில் பெரும்பகுதி இந்த நீர்தான் (அதைக் கொழுப்பு என்று நம்பி வாட்ஸ்அப்பில் படம் போடுகிறார்கள், பாவம்). விளைவு: தலைவலி, எழுந்தால் கண் இருட்டுவது, கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல். மே மாதத்துச் சென்னை வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இரண்டையும் பிரிக்க ஒரு கேள்வி போதும். தட்டில் ஆம்லெட் வைத்தால் சாப்பிட முடிகிறதா? 'வேண்டும் என்று தோன்றவில்லை, வைத்தால் சாப்பிடுவேன்' என்றால் முதல் நிலை. நெய் காயும் வாசனைக்கே முகத்தைத் திருப்பினால் இரண்டாவது.

இரண்டாவதுக்கு உப்புச் சோதனை: ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி, வெந்நீரிலோ எலும்பு ரசத்திலோ அரைத் தேக்கரண்டி உப்பு. அது 2.5 முதல் 3 கிராம் உப்பு. சோடியமாக ஏறத்தாழ ஒரு கிராம். மெதுவாகக் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் பொறுக்கவும். தலைவலியும் குமட்டலும் இறங்கினால் காரணம் உப்புதான். நீர்மோரில் கலந்தாலும் சரி, கெட்டித் தயிர் வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும் இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. இந்த வரி கையேட்டில் சோதனைக்கு மேலேயே இருக்கட்டும், கீழே அல்ல.

உப்பில் தீரவில்லை என்றால் அடுத்த சந்தேகம் கொழுப்பு. கொழுப்புதான் உணவு என்று கேள்விப்பட்டு முதல் நாளே காபியில் இரண்டு கரண்டி வெண்ணெய், பொரியலில் கால் டம்ளர் தேங்காயெண்ணெய். அத்தனைக்கும் பித்தநீர் பழகவில்லை. வயிறு புரட்டும், கழிச்சலும் ஆகும். வேளைக்கு இரண்டு தேக்கரண்டியில் தொடங்கி ஒரு வாரத்தில் கூட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

— உணவியலாளர், அண்ணாநகர்

பொருள்: மறு: மறு: கலைச்சொல் கேட்பு

வணக்கம். சித்த மருத்துவத்தில் இந்த வேறுபாடு முன்பே இருக்கிறது. உணவைக் கண்டால் வெறுப்பு, வாயில் சுவை பிடிக்காமை: அரோசகம். செரிக்காமல் வயிறு கனத்து அதனால் பசி எடுக்காமை: மந்தம். உணவியலாளர் சொல்லும் இரண்டாம் நிலை அரோசகத்துக்கு மிக அருகில் வருகிறது.

முதல் நிலைக்கு மந்தம் என்று போட்டுவிடாதீர்கள். 'பசி மந்தமா இருக்கு' என்று ஊரே சொல்கிறது, உண்மைதான். ஆனால் மந்தம் என்றதும் வீட்டில் ஓமத்தைக் கொதிக்க வைத்துவிடுவார்கள், இல்லையென்றால் சுக்குக் கஷாயத்தில் பனைவெல்லம் போட்டுக் கொடுப்பார்கள். அந்த வெல்லத்தோடு கீட்டோ முடிந்தது.

— சித்த மருத்துவர், தாம்பரம்

பொருள்: மறு: மறு: கலைச்சொல் கேட்பு

ஐயா சொல்வது நியாயம். ஆனால் 'அரோசகம்' என்றால் இன்று எத்தனை பேருக்குப் புரியும்? கடையில் வந்து நிற்பவர் 'கொமட்டுது' என்பார், 'ஒமட்டுது' என்பார். குமட்டல் என்றே இருக்கட்டும். 'உணவு ஒவ்வாமை' என்று மட்டும் யாரும் போட வேண்டாம். அந்தச் சொல் அலர்ஜிக்குப் போய் வெகுகாலம் ஆயிற்று.

'பசியடக்கம்' என்பதற்கும் என் எதிர்ப்பு. பசியைக் குறைக்கும் மாத்திரையைப் பசியடக்கி என்கிறோம். மாத்திரை போட்ட விளைவு என்றே படிப்பவர் நினைப்பார். தவிர, தெருமுனைச் சுவரொட்டியில் 'நல்லடக்கம்' படித்துப் பழகிய ஊர் இது.

மூன்றாம் நிலையைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. அங்கே பசி போவது ஓர் அறிகுறி மட்டும். நோய் கீட்டோன் அமிலமிகை: கீட்டோன் 3 மில்லிமோலைத் தாண்டி, இரத்தமே அமிலப் பக்கம் சாய்வது. வாந்தி நிற்காது, வயிறு வலிக்கும், மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கும், பேச்சுக் குழறும். அப்போது உப்பு நீர் கலக்கிக்கொண்டிருக்கக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடுவதால், அமிலமிகை வந்த பிறகும் குளுக்கோமீட்டர் 180, 200 என்று சாதுவாகக் காட்டும். 'சுகர் நல்லாத்தானே இருக்கு' என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இந்த மாத்திரைக்காரர்கள் மருத்துவர் சொல்லாமல் கீட்டோ தொடங்கவே கூடாது. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இதே எச்சரிக்கை. இன்சுலினோ கிளிமெபிரைடு என்னும் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு பக்கம்: பசி இல்லை என்று சாப்பாட்டைத் தள்ளிவிட்டு மருந்தை மட்டும் பழைய அளவில் போட்டால் சர்க்கரை சரிந்துவிடும். அளவை மருத்துவர் முதல் நாளே மாற்றித் தர வேண்டும்.

சிறுநீரில் நனைத்துக் கீட்டோன் பார்க்கும் பட்டையை நம்பி அளவு சொல்லாதீர்கள். அது காட்டுவது அசிட்டோஅசிட்டேட் என்னும் ஒரு கீட்டோனை மட்டும். அமிலமிகையில் பெருகி நிற்கும் மற்றொரு கீட்டோனான பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் அதில் தெரியாது.

— மருந்தாளுநர், பெரம்பூர்

பொருள்: மறு: மறு: கலைச்சொல் கேட்பு

மூன்றாவதை விட்டுவிடலாம், அதற்குச் சொல் தேவையில்லை. 'உணவு இறங்கவில்லை, வாந்தி' என்று அறிகுறியாகவே எழுதுங்கள். இரண்டாவது குமட்டல். மிச்சம் முதலாவது.

'பசித்தணிவு' உண்ட பிறகு வருவது. இங்கே உண்ணாமலே பசி இல்லை. 'பசியமர்வு' என்றால் ஏதோ மாநாட்டில் காலை அமர்வு, பிற்பகல் அமர்வு, பசி அமர்வு என்பதுபோல் இருக்கிறது. 'பசியாறல்' சாப்பிடுவதையே குறிக்கும்.

என் பரிந்துரை: பசியோய்வு. மழை ஓய்ந்தது என்கிறோம், இருமல் ஓய்ந்தது என்கிறோம். இருந்தது நின்றிருக்கிறது, நாளை மறுபடி வரலாம். மாவுச்சத்தைச் சேர்த்தால் பசி திரும்பும் என்று உணவியலாளர் எழுதியதற்கு இது பொருந்துகிறது. 'இன்மை'யில் குறை தொனிக்கிறது, 'ஓய்வில்' தொனிக்கவில்லை. வினையாகவும் வளையும்: பசி ஓய்ந்திருக்கிறது, பசி ஓய்ந்த நாட்களில்.

— பள்ளித் தமிழாசிரியர், குரோம்பேட்டை

பொருள்: மறு: மறு: கலைச்சொல் கேட்பு

> 'இன்மை'யில் குறை தொனிக்கிறது, 'ஓய்வில்' தொனிக்கவில்லை.

ஐயா, சொல் பிடித்திருக்கிறது. ஒரே பயம், குறை தொனிக்காததே இங்கே குறையாகிவிடுமோ என்பதுதான். பசி ஓய்வெடுக்கிறது, நாமும் சாப்பாட்டுக்கு ஓய்வு கொடுப்போம் என்று மூன்று நாள் வெறும் கறுப்புக் காபியில் ஓட்டுபவர்கள் உண்டு. அதில் கரைவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். இரண்டு மூன்று மாதம் கழித்துச் சீப்பில் முடி கொத்தாக வரும். அதற்குள் காரணம் மறந்துபோயிருக்கும். எடை மிக வேகமாக இறங்கினால் பித்தப்பைக் கல்லுக்கும் வாய்ப்பு. ஆகவே பசியோய்வு என்ற பதிவின் கீழேயே புரதக் கணக்கு வர வேண்டும்.

எடை கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம். உடல் பருமன் உள்ளவர்களுக்கு உயரத்துக்கேற்ற எடையை வைத்துக் கணக்கிடவும். 60 கிலோ என்றால் குறைந்தது 60 கிராம். பசியைக் கேட்காமல் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு வேளை: காலை 11 மணிக்கு மூன்று முட்டை ஆம்லெட்டும் 50 கிராம் பன்னீரும், ஏறத்தாழ 27 கிராம். மாலை 7 மணிக்கு வஞ்சிரம் 150 கிராம், அதில் 30. இடையில் ஒரு கைப்பிடி பாதாம், 25 கிராம் எடைக்கு 5. சைவர்களுக்குப் பன்னீர் 200 கிராம் வைத்தாலும் 36 கிராம்தான் தேறும். மிச்சத்தைத் தயிர், வேர்க்கடலையில் தேடினால் மாவுச்சத்தும் கூடவே ஏறும். பால்புரதப் பொடி ஒரு கரண்டி சேர்ப்பது எளிது.

தட்டில் புரதத்தை முதலில் முடிக்கச் சொல்லுங்கள், பிறகு கீரை, கடைசியில் நெய். வயிறு போதும் என்றால் நெய்யை விட்டுவிடலாம். எடை குறைக்க வந்தவருக்கு உடம்பிலேயே கொழுப்பு இருக்கிறது. புரதம் அப்படிச் சேமிப்பில் இல்லை.

வலிப்பு நோய்க்காகக் கீட்டோ உணவு தரப்படும் குழந்தைகளுக்கு இதெல்லாம் பொருந்தாது. 1921-ல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் மருத்துவர் வைல்டர் இந்த உணவுமுறைக்குப் பெயரிட்டதே வலிப்புக்காகத்தான். அங்கே புரதமும் மாவும் சேர்ந்து ஒரு பங்கு என்றால் கொழுப்பு நாலு பங்கு வரை எடை போட்டுத் தருவார்கள். அங்கே கொழுப்புதான் மருந்து, நெய்யை விடச் சொல்லக் கூடாது. குழந்தை தட்டை ஒதுக்கினால் அன்றே மருத்துவக் குழுவுக்குச் சொல்ல வேண்டும்.

— உணவியலாளர், அண்ணாநகர்

பொருள்: மறு: மறு: கலைச்சொல் கேட்பு

அனைவருக்கும் நன்றி. கையேட்டில் இப்படிப் போகிறது:

பசியோய்வு: கீட்டோன் நிலையில், உடல் நலமாக இருக்கும்போதே, உண்ணும் நாட்டம் தற்காலிகமாக ஓய்ந்திருப்பது. தட்டு வைத்தால் உண்ண முடியும். உணவைத் தவிர்க்கக் காரணமல்ல. புரத அளவு கீழே.

குமட்டலுக்குத் தனிப் பதிவு, அதன் தலையில் இரத்த அழுத்த மாத்திரை எச்சரிக்கை, பிறகு உப்புச் சோதனை. அமிலமிகைக்கு முன்னட்டையின் உள்பக்கம் முழுவதும். கீட்டோன் நிலை, கீட்டோன் அமிலமிகை இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் இரண்டாவது சிவப்பில் அச்சாகும். மருந்தாளுநர் ஐயா அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துத் திருத்தித் தர முடியுமா? சித்த மருத்துவர் ஐயாவுக்காக, குமட்டல் பதிவின் அடியில் 'அரோசகம் என்பதும் இது' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். வெல்லம் சேர்க்க வேண்டாம் என்பதையும் அங்கேயே.

— மொழிபெயர்ப்பாளர், மயிலாப்பூர்