கல்யாண டிவிடியை 4.7 ஜிபிக்குள் அடக்கினால் படம் என்ன ஆகும்?

மாயவரத்தான்_மகன்: சித்தப்பா கல்யாண டிவிடி. மினி டிவி (MiniDV) கேமரா டேப்பில் எடுத்து, ஸ்டுடியோக்காரர் டூயல் லேயர், அதாவது இரண்டு அடுக்கு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தது. 7.4 ஜிபி, இரண்டரை மணி நேரம். டூயல் லேயரில் காப்பி போட்டால் பாட்டி வீட்டு பிளேயர் எடுக்க மாட்டேங்குது. அதனால சாதா 4.7 டிஸ்க்தான் வழி. டிவிடியைச் சுருக்குற டிவிடி ஷ்ரிங்க் சாஃப்ட்வேரில் போட்டால் வீடியோவை 51 சதவீதத்துக்கு இறக்குது. தாலி கட்டும்போது அட்சதை விழுதே, அந்த இடத்தில் முகமெல்லாம் கட்டம் கட்டமா உடையுது. வேற வழி உண்டா?

பர்னர்_பாண்டி: ஷ்ரிங்க்கில் டீப் அனாலிசிஸ் (படத்தை முதல்ல முழுசா அலசிட்டுச் சுருக்குறது) டிக் பண்ணீங்களா தம்பி? கூடவே ஏஇசியையும் (சுருக்கும்போது வர்ற பிழையைச் சரிக்கட்டுறது) போடுங்க. நேரம் கொஞ்சம் கூடும், ஆனா படம் நிச்சயம் தேறும். ராத்திரி பூரா என்கோடரை ஓடவிட்டுக் காத்திருக்கிற வேலையெல்லாம் நமக்கு எதுக்கு?

ஐ_ஃப்ரேம்: 51க்கு எந்த டிக்கும் காப்பாத்தாது பாண்டி அண்ணே. டிவிடியில் ஏறக்குறைய அரை விநாடிக்கு ஒரு முழு ஃப்ரேம் இருக்கும். நடுவில் வர்றதெல்லாம் என்ன மாறிச்சுங்கிற கணக்கு மட்டும்தான். ஷ்ரிங்க் அசைவுக் கணக்கைப் புதுசா போடறதில்ல, இருக்கிற எண்களைக் கரடுமுரடா ரவுண்டு பண்ணுது, அவ்வளவுதான். அந்தப் பிழை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் சேர்ந்துக்கிட்டே போய், அடுத்த முழு ஃப்ரேம் வந்ததும் சட்டுனு தெளியும். பொண்ணோட பட்டுப்புடவை ஜரிகையைப் பாருங்க, மங்கித் தெளிஞ்சு மங்கித் தெளிஞ்சு துடிக்கும். எச்சிஎன்க் மாதிரி இலவச என்கோடரில் டூ பாஸ் (ஒரு தடவை அலசி, மறு தடவை எழுதுறது) போட்டு, படத்தை முழுசா பிரிச்சுப் புதுசா சுருக்கி ரீ-என்கோட் பண்றதுதான் சரி.

பர்னர்_பாண்டி: ரீ-என்கோட்னா என்ன புனர்ஜென்மமா? ஏற்கனவே எம்பெக் 2, அதாவது டிவிடி வீடியோ முறையில் சுருங்கிக் குறைஞ்ச படத்தைப் பிரிச்சு மறுபடியும் எம்பெக் 2 ஆக்குறீங்க. ஸ்டுடியோ என்கோடர் விட்ட கறையையும் சேர்த்து உங்க என்கோடர் உழைச்சு உழைச்சுப் பாதுகாக்கும். 80 சதவீதத்துக்கு மேல இருந்தா ஷ்ரிங்க் காப்பிக்கும் ஒரிஜினலுக்கும் 21 இஞ்ச் டிவியில் வித்தியாசம் சொல்லுங்க, பார்க்கலாம்.

ஐ_ஃப்ரேம்: 80க்கு மேலன்னா நானே ஷ்ரிங்க்தான் சொல்வேன். இங்க இருக்கிறது 51.

தவில்காரர்: ரெண்டு பேரும் படத்தையே புடிச்சுத் தொங்குறீங்களே, ஆடியோ என்னன்னு யாராவது கேட்டீங்களா?

மாயவரத்தான்_மகன்: பிசிஎம் (சுருக்காத ஆடியோ), 1536 கேபிபிஎஸ்னு காட்டுது சார்.

தவில்காரர்: அங்கதான் இருக்கு திருட்டு. இரண்டரை மணி நேரத்துக்கு அந்தச் சத்தம் மட்டும் 1.7 ஜிபி தின்னுது. பிசிஎம்மை ஏசி3ங்கிற சுருக்கின ஆடியோவா மாத்த ஷ்ரிங்க்குக்குத் தெரியாது, அதனால மொத்த வெட்டும் படத்து தலையில விழுது. ஆடியோவைத் தனியா எடுத்து 256 கேபிபிஎஸ் ஏசி3 ஆக்கிட்டு படத்தையும் சத்தத்தையும் சேர்த்து டிஸ்க்கைத் திரும்ப ஆதர் பண்ணுங்க, சத்தம் 0.3 ஜிபியில் முடிஞ்சிடும். கேமரா மைக்கில் பிடிச்ச நாதஸ்வரத்துக்கு அதுவே ஜாஸ்தி. வீடியோவை 77க்கு இறக்கினா போதும்.

பர்னர்_பாண்டி: அப்படிப் போடுங்க! 77ன்னா ஷ்ரிங்க்கே தாராளம். கேஸ் க்ளோஸ்.

ஐ_ஃப்ரேம்: எங்க க்ளோஸ்? இது 80க்குக் கீழதானே அண்ணே. படத்துக்கு விநாடிக்குச் சராசரியா 3.8 எம்பிபிஎஸ் (மெகாபிட்) கிடைக்குது. ஹோமப் புகையும் அட்சதையும் எம்பெக் 2க்கு எமன், ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் ஒட்டே இருக்காது. டூ பாஸ் முதல் ஓட்டத்திலேயே அதைப் பார்த்து வச்சுக்கும். கடைசியில் ஓடுற போட்டோ ஆல்பத்துக்கு ஒன்றரை கொடுத்து, மிச்சத்தைத் தாலி கட்டுற இடத்தில் எட்டு வரைக்கும் கொட்டும். ஷ்ரிங்க்குக்கு அவ்வளவு தாராளம் வராது, சீனுக்கு சீன் இருக்கிற பங்கீட்டையே ஒட்டித்தான் குறைக்கும். தம்பி, ஒண்ணு மட்டும் கவனம்: ஒவ்வொரு ஃப்ரேமும் ஒண்ணுவிட்டு ஒண்ணு வரிகளா ரெண்டு ஃபீல்டா இருக்கும், மினி டிவி டேப் பாட்டம் ஃபீல்டு முதல்ல வர்ற ரகம். சோர்ஸ் எப்படி இருக்குன்னு பார்த்து அதையே வைங்க. மாத்தினா மாப்பிள்ளை ஊர்வலம் முன்னும் பின்னுமா உதறும். ரெண்டு ஃபீல்டையும் ஒண்ணாக்குற டீ-இன்டர்லேஸ் பக்கமே போகாதீங்க.

சும்மா_இருப்பவன்: எதுக்குய்யா சுருக்கணும்? முகூர்த்தம் ஒரு டிஸ்க், ரிசப்ஷன் ஒரு டிஸ்க். ஷ்ரிங்க்கில் வேண்டிய பகுதியை எடுத்துத் தொகுக்குற ரீ-ஆதர்ல ஆரம்பம், முடிவு குறிச்சு வெட்டினா ஆளுக்கு 3.7 ஜிபி. ஒரு பிட் கூடக் குறையாது. காலி டிஸ்க் என்ன தங்க விலையா?

பர்னர்_பாண்டி: பாட்டி பாதியில் எழுந்து போய் டிஸ்க் மாத்துவாங்களா?

சும்மா_இருப்பவன்: ரிசப்ஷனை எந்தப் பாட்டி பார்த்திருக்காங்க?

மாயவரத்தான்_மகன்: பாட்டி ரிசப்ஷன்ல வர்ற பந்தியைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்வாங்க. ஸ்லோ ஸ்பீடில் பர்ன் பண்ணா படம் இன்னும் ஷார்ப்பா வரும்ங்கிறாங்களே, நிஜமா?

ஐ_ஃப்ரேம்: இல்ல. எந்த ஸ்பீடிலும் அதே பிட்தான். டிஸ்க் மோசமா எழுதப்பட்டா படம் நின்னு நின்னு ஓடுமே தவிர மங்காது. இப்ப ஒண்ணு பண்ணுங்க. ஆடியோவை மாத்துங்க, ஹோமத்திலிருந்து தாலி வரைக்கும் ஒரு அஞ்சு நிமிஷத்தை மட்டும் வெட்டி, பாண்டி அண்ணன் முறையில் ஒண்ணு, என் முறையில் ஒண்ணு, ரீரைட்டபிள் டிஸ்க்கில் போடுங்க. கம்ப்யூட்டர்ல நிறுத்தி நிறுத்திப் பார்க்காதீங்க. பாட்டி டிவியில், பாட்டி உட்கார்ற தூரத்தில் ஓடவிட்டுப் பாருங்க.

பர்னர்_பாண்டி: எது எதுன்னு சொல்லாமப் போடுங்க தம்பி. பாட்டி எதைக் கைகாட்டுறாங்களோ அதுதான்.