பிரான்சில வாகனமில்லாத சைக்கிள் பாதை: கனால் டு மிடி சரியான தெரிவோ?

அக்கராயன் (கிளிநொச்சி)
ஜூன் மாதம் மூண்டு கிழமை பிரான்சில நிற்பம். அதில ஒரு கிழமை சைக்கிளுக்கு. ரண்டு பேர், நாளுக்கு 50–60 கிலோமீற்றர், பகல் ஓட்டம் மட்டும். பழக்கம் இஞ்சத்தைய வாய்க்கால் றோட்டும் குளக்கட்டும்தான். ஏத்தம் எண்டால் குளக்கட்டுக்கு ஏறுற அளவு. வாகனத்துக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடுறது ஏ9 இலயே காணும், அங்கயும் போய் அது வேண்டாம். கேட்ட இடமெல்லாம் தெற்குப் பிரான்சில இருக்கிற கனால் டு மிடி கால்வாய்க் கரை எண்டுதான் சொல்லுகினம். அது சரியோ? இஞ்ச ஓடுற லுமாலா சைக்கிளைக் கழட்டிக் கட்டிக் கொண்டுபோகலாமோ? தண்ணி, சாப்பாட்டுக்கு என்ன வழி?

கரோன்கரை (துலூஸ்)
முதல் பயணத்துக்கு கனால் டு மிடியை விடுங்கோ. துலூஸில இருந்து கிழக்கால போர் லோரகே வரைக்கும், ஒரு 50 கிலோமீற்றர், நல்ல தார். அதுக்கு அங்கால கன இடத்தில வெறும் மண் ஒழுங்கை, அதில நிழலுக்குக் கரையில நட்ட பிளாத்தான் மரத்து வேர் குறுக்க ஓடுது. மழை பெய்தால் சேறு. பொதி கட்டின சைக்கிளில மணித்தியாலத்துக்கு 10 கிலோமீற்றரும் போகாது. நிழலை நம்பியும் போகேலாது: 2006 இல கண்டுபிடிச்ச பூஞ்சண நோயால அந்த மரங்களை ஆயிரக்கணக்கில வெட்டி எரிச்சுப் போட்டாங்கள். வெட்டின இடம் ஜூன் வெயிலில மொட்டை வெளி.

உங்களுக்குப் பொருத்தம் அதுக்கு மேற்கால இருக்கிற கரோன் கால்வாய். காஸ்தெ-ஆன்-தோர்த்தில இருந்து துலூஸ் வரைக்கும் 193 கிலோமீற்றர். கரைப்பாதை கிட்டத்தட்ட முழுக்கத் தார், நிழலும் இருக்கு, பராமரிப்பு வாகனம் தவிர வேற ஒண்டும் வராது. ஏத்தம் எண்டு வாறது எக்லூஸ் இருக்கிற இடங்களில மட்டும். எக்லூஸ் எண்டால் படகை ஏத்தி இறக்குற ரெட்டைக் கதவுத் தொட்டி; எங்கட துருசு தண்ணியை விடும், இது தண்ணியோட படகையும் விடும். அதில ரண்டு மூண்டு மீற்றர் ஏறினால் அடுத்தது வரைக்கும் நேர்மட்டம்.

போர்தோவில இருந்தே தொடங்கலாம். ரொஜே லப்பெபி பாதை எண்டு பழைய ரெயில் தடம் சோவ்தெர்-து-குயியென் வரைக்கும் போகுது, 55 கிலோமீற்றர் அளவு. அங்கயிருந்து கால்வாயைப் பிடிக்கிற துண்டுதான் உங்களுக்குச் சிக்கல். இருபது கிலோமீற்றருக்கு உள்ளதான், ஆனால் சின்ன றோட்டு, மேடும் பள்ளமும். வேண்டாமெண்டால் போர்தோவில உள்ளூர் ரெயின் ஏறி லா றெயோலிலயோ மார்மோந்திலயோ இறங்குங்கோ.

ரெயினில வந்தால், தங்கல் மார்மோந், அஜென், முவாசாக், மோந்தெக், கடைசியா துலூஸ் எண்டு பிரிச்சால் ஒருநாளும் இறுக்கமில்லை. அஜெனில அவசரப்படாதேங்கோ. கால்வாயே 539 மீற்றர் நீளப் பாலத்தில கரோன் ஆத்துக்கு மேலால போகுது, கரைப்பாதையும் அதோட சேர்ந்து போகும். தாரிலயும் வேர் கிளப்பின மேடு இருக்கு. மரநிழல் புள்ளி புள்ளியா விழுற இடத்தில அது கண்ணுக்குத் தெரியாது, 15க்கு மேல ஓடாதேங்கோ.

ஒட்டுக்கடை (வவுனியா)
லுமாலாவைக் கொண்டுபோகாதேங்கோ, அங்க வாடகைக்கு எடுங்கோ. சைக்கிள் பிழையில்லை, அளவுதான் பிழை. பெரிய சில்லு 28×1½ எண்டால் ரிம் விட்டம் 635 மில்லிமீற்றர். அங்க எந்தக் கடையிலயும் தொங்குறது 700சீ, 622 மில்லிமீற்றர். 13 மில்லிமீற்றர் வித்தியாசத்தில ரயர் ரிம்மில இருக்காது. நடுவழியில ரயர் வெடிச்சால் பயணம் முடிஞ்சுது.

ரியூபும் அப்பிடித்தான். எங்கட பழைய வால்வு, உள்ள றப்பர்க் குழாய் போட்டது. அங்க கனக்க மெல்லிசான பிறெஸ்ரா வால்வு: நுனிச் சுரையைத் தளர்த்தி ஒருக்கா அமத்தி விட்டிட்டுத்தான் காத்தடிக்கவேணும். சுரையை இறுக்கின மேனிக்கு அடிச்சால் காத்துப் போகாது, பம்மோட மல்லுக்கட்டினால் உள்ளூசி வளையும். பம் ரண்டு வகைக்கும் பொருந்துதோ எண்டு கடையிலயே பாருங்கோ.

ரயர் 700×35க்குக் குறைய எடுக்காதேங்கோ, 40 எண்டால் இன்னும் சுகம். ரயரில எழுதின உச்ச அளவைத் தாண்டாமல், பொதியோட பின்னுக்கு 55–60 பிஎஸ்ஐ, முன்னுக்கு 45. கையில ஆளுக்கு ரண்டு ரியூப், ஒட்டுப் பெட்டி, ரண்டு லீவர், அலன் சாவி 4, 5, 6, செயின் இணைப்புக் கொழுவி ஒண்டு, கம்பிச்சாவி. பாரம் பின்னுக்கு ஏறினால் கம்பி முறியிறது கூடுதலா பின்சில்லில பல்லுச்சக்கரப் பக்கம்தான். பல்லுச்சக்கரத்தைக் கழட்டாமல் அந்தக் கம்பியை வழியில மாத்தேலாது. அதால எடுக்கேக்கையே கம்பியளை ரண்டு ரண்டாச் சேர்த்து நசிச்சுப் பாருங்கோ. ஒண்டு தொய்ஞ்சிருந்தால் வேற சைக்கிள் கேளுங்கோ.

முக்கியமானது பிறேக். உங்கட சைக்கிளில இடப்பிடி பின்சில்லு எண்டால், அங்க இடப்பிடி முன்சில்லு. பழக்கத்தில இடக்கையை இறுக்கினால் ஆள் கான்டிலுக்கு மேலால போவார். ஓடுறதும் வலப்பக்கம்.

நோந்துப் பக்கம்
கரோன் நல்லதுதான் அண்ணை, ஆனால் ஜூன் கடைசியில அந்தப் பக்கம் 35 பாகையும் தாண்டும். இன்னொரு தெரிவு பிரான்சின்ர வடமேற்கில இருக்கிற பிரித்தானி மாநிலத்து நோந்து–பிறெஸ்ற் கால்வாய், 360 கிலோமீற்றருக்கு மேல. இங்கிலீசுக்காரன் கடலை மறிச்சதால நெப்போலியன் 1811 இல வெட்டத் தொடங்கினது. ஒரு கிழமைக்கு நோந்தில இருந்து றெடோன், ஜோஸ்லான், போந்திவி வரைக்கும் காணும். அதுக்கு அங்கால கெர்லெடான் அணை கால்வாயை மறிச்சு, எக்லூசுகள் நீருக்கடியில. பாதை அதைச் சுத்தி மேட்டில ஏறுது.

தரை தாரில்லை, இறுக்கின மணல். காய்ஞ்சால் கிறவல் றோட்டை விடச் சொகுசு. நனைஞ்சால் அந்த மணல் அரைக்கிற தாள் மாதிரி, ரிம் பிறேக் கட்டையையும் செயினையும் தின்னும். மழை நாள் பின்னேரம் செயினைத் துணியால துடைச்சு எண்ணெய் விடுங்கோ, கட்டை ஒரு சோடி கைவசம்.

லுவார் ஆத்துப் பாதையையும் ஆரும் சொல்லுவினம். அழகு, ஆனால் கன துண்டு சின்ன றோட்டில காரோட சேர்ந்து. பலகையில “வுவா வேர்த்” எண்டிருந்தால் மோட்டார் வாகனம் தடை. “வெலோ றூத்” எண்டால் சைக்கிளுக்கு அடையாளமிட்ட வழி, அவ்வளவுதான், கார் வரலாம். வரைபடம் பார்க்கேக்க இந்த ரண்டையும் மாறி விளங்காதேங்கோ.

அக்கராயன் (கிளிநொச்சி)
நன்றி. வெயில் எங்களுக்குப் பழக்கம், கரோன் எண்டு முடிவு. தண்ணியும் சாப்பாடும்?

கரோன்கரை (துலூஸ்)
ஆளுக்கு ஒன்றரை லீற்றர் கொள்ளுற போத்தல். ஊர்ச் சவக்காலையில தண்ணிப் பைப் இருக்கும், எல்லாச் சைக்கிள்காரரும் அங்கதான் நிரப்புவினம், கூச்சப்பட ஒண்டுமில்லை. “ஓ நோன் பொத்தாபிள்” எண்டு எழுதியிருந்தால் குடிக்கிற தண்ணியில்லை. கால்வாய்த் தண்ணி கழுவக்கூட வேண்டாம்.

சின்ன ஊரில கடை 12க்குப் பூட்டினால் 2 மணிக்குப் பிறகுதான். ஞாயிறு மத்தியானத்தோட எல்லாம் படுத்திடும், திங்கள் பாண் பேக்கரியும் கன இடத்தில பூட்டு. ஞாயிறு காலமையே திங்களுக்கும் சேர்த்து வாங்குங்கோ. சோறில்லாமல் ஏலாதெண்டால் காஸ் அடுப்பு, ஆனால் காஸ் பிளேனில ஏத்த விடமாட்டினம். அங்க மரை வகை, கிளிக் வகை எண்டு ரண்டு காஸ் பேணி இருக்கு, ஒண்டு மற்றதுக்குப் பொருந்தாது. அடுப்பைக் கையில வைச்சுக்கொண்டு வாங்குங்கோ.

திரும்பி வர: உள்ளூர் ரெயின்களில சைக்கிள் பெரும்பாலும் காசில்லாமல், இடம் மட்டும் கொஞ்சம். பாரிசுக்கு வேக ரெயின் எண்டால் சைக்கிளுக்கு இடம் முன்கூட்டியே பதியவேணும், ஆளுக்கு ரிக்கற் எடுக்கேக்கையே. ஏற முன்னம் பையைக் கழட்டி வையுங்கோ, வாசல் ஒடுக்கம்.

ஒட்டுக்கடை (வவுனியா)
போக முன்னம் ஒரு மாதம் கரியரில ரண்டு பக்கமும் ஆறு ஆறு கிலோ அரிசி கட்டி இரணைமடு வாய்க்கால் றோட்டில ஓடுங்கோ, விடியப்புறம். பாரம் ஒருபக்கம் கூடினால் கான்டில் இழுக்கிறது அப்ப விளங்கும். பொழுதுபட்டால் யானை, அதோட மிதிவெடிப் பலகை போட்ட இடத்தில பாதையை விட்டு இறங்கவே வேண்டாம்.

அக்கராயன் (கிளிநொச்சி)
வாடகைக்கு எடுக்கிற இடத்தில பிறேக்கை மாத்திப் போடச் சொல்லலாமோ?

ஒட்டுக்கடை (வவுனியா)
கேபிள் பிறேக் எண்டால் கேளுங்கோ, கேபிளைக் கழட்டி மாத்திக் கொழுவுற வேலைதான். எண்ணெய் பிறேக் எண்டால் ஓம்படமாட்டினம். அப்பிடியெண்டால் முதல் நாள் இடப்பிடியில ஒரு விரல் மட்டும் வையுங்கோ.