வி.ஆர். (மெய்நிகர்) தீயணைப்புப் பயிற்சி: பயன்படுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் தீயணைப்புக் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. மொத்தம் இருபது பேர். இதுவரை தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்தித்தான் பழக்கினோம். புகை வருகிறதென்று அக்கம்பக்கத்தில் புகார். அதனால் கண்ணில் மாட்டினால் கணினி உருவாக்கிய தீயைக் காட்டும் வி.ஆர். ஹெட்செட் வாங்கலாம் என்கிறது நிர்வாகம்.

போன வாரம் ஒரு டெமோ பார்த்தேன். கூரைக்கடியில் கரும்புகை திரண்டு இறங்கியதும் நானே என்னையறியாமல் குனிந்துவிட்டேன். கூரையோரம் சுமார் 600 டிகிரி செல்சியஸ் எட்டி, அறை மொத்தமும் ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும் ஃபிளாஷ்ஓவரை எங்கள் மைதானத்தில் எப்படிக் காட்டுவது? அந்த வகையில் சரி. ஆனால் கையில் இருந்தது இறகு கனத்தில் ஒரு கன்ட்ரோலர். தண்ணீர் பாயும்போது ஹோஸ் பின்னால் தள்ளுமே, அந்த உதைப்பு எங்கே? அப்புறம், 22 வருட அனுபவமுள்ள எங்கள் அண்ணன் ஒருவர் பத்தே நிமிடத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்!

ஆஸ்திரேலியாவில் டீக்கின் பல்கலைக்கழக ஆய்விலிருந்து வந்த ஃபிளெய்ம் (FLAIM) என்ற வி.ஆர். பயிற்சிக் கருவியில் உதைப்பு தரும் ஹோஸ், சூடேறும் மேலாடை எல்லாம் உண்டு. அதையோ அதுபோன்ற ஒன்றையோ பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்: தலைசுற்றலை எப்படிச் சமாளித்தீர்கள்? முக்கியமாக, அதில் பழகியவர்கள் நிஜத் தீ முன் நின்றபோது வித்தியாசம் தெரிந்ததா?

வெள்ளிக்கிழமை நிர்வாகத்திடம் பேச வேண்டும். விற்பனையாளர்கள் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வர வேண்டாம்.