டி.கே.ஓ.வுக்குச் சொல்: அலியின் ஐந்து தோல்விகளில் உரசிப் பார்த்தால்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் குத்துச்சண்டைத் தமிழ்ச் சொற்பட்டியலில் டி.கே.ஓ.வுக்கு (டெக்னிக்கல் நாக்-அவுட்) நேரே ‘தொழில்நுட்ப நாக்-அவுட்’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. செய்தித்தாள்களில் வருகிற சொல்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். வருவது உண்மை. ஆனால் முதல்முறை படிப்பவருக்குக் கையுறைக்குள் ஏதோ கருவி இருந்ததுபோல் அல்லவா தோன்றும்? இங்கே நுட்பமும் இல்லை, தொழில்நுட்பமும் இல்லை. விழுந்தவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் எழவில்லை என்றால் நாக்-அவுட். அது நடக்காமலே, இனி இவரால் தற்காத்துக்கொள்ள முடியாது என்று சண்டையை நிறுத்திவிட்டால் விதிப்படி அதையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். அவ்வளவுதான்.

வெறும் சொற்களை வைத்து வாதாடினால் முடிவே வராது. ஒருவருடைய தோல்விகளை எடுத்து, நாம் வைத்திருக்கும் சொற்கள் அவற்றைச் சரியாகச் சொல்கின்றனவா என்று பார்க்கலாம். முகமது அலியை எடுத்துக்கொள்கிறேன். 61 சண்டை, 56 வெற்றி, 5 தோல்வி.

முதல் தோல்வி 1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், ஜோ ஃப்ரேசியரிடம். பதினைந்தாவது சுற்றில் ஃப்ரேசியரின் இடது கொக்கிக் குத்தில் அலி மல்லாந்து விழுந்தார். அந்தப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு ‘ஃப்ரேசியர் அலியை நாக்-அவுட் செய்தார்’ என்று தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தவறு. அலி உடனே எழுந்து மணி அடிக்கும்வரை சண்டை போட்டார். எனவே விழுந்து எழுவதைக் குறிக்கும் நாக்-டவுனுக்குத் தனிச்சொல் கட்டாயம் வேண்டும். ‘வீழ்ச்சி’ போதும். ‘அலிக்கு ஒரு வீழ்ச்சி, தீர்ப்பில் தோல்வி’ என்று எழுதினால் நடந்தது அப்படியே வந்துவிடுகிறது.

‘புள்ளித் தோல்வி’ என்று பட்டியலில் உள்ளதும் எனக்கு ஒப்பவில்லை. அந்த இரவில் புள்ளியே கிடையாது. நியூயார்க்கில் அப்போது யார் எத்தனை சுற்று வென்றார் என்றுதான் எண்ணினார்கள். நடுவர் ஃப்ரேசியருக்கு 8, அலிக்கு 6, ஒன்று சமம் என்று எழுதினார். வெளியே உட்கார்ந்து மதிப்பிட்ட மற்ற இருவர் ஃப்ரேசியருக்கு 9-6, 11-4 என்று எழுதினார்கள். ‘தீர்ப்பு’ என்றால் புள்ளி எண்ணினாலும் சுற்று எண்ணினாலும் பொருந்தும்.

இரண்டாவது, 1973 மார்ச் 31, சான் டியேகோவில் கென் நார்ட்டனிடம். அலிக்குத் தாடை உடைந்தது. எந்தச் சுற்றில் உடைந்தது என்பதில் இரு தரப்பும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. மூன்றாவது, 1978 பிப்ரவரி 15, லாஸ் வேகாஸில் லியோன் ஸ்பிங்ஸிடம். ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் என்றாலும், அதற்கு முன் தொழில்முறையில் ஏழே சண்டை போட்டிருந்த ஆள். இந்த இரண்டு தோல்விகளும் ஸ்பிளிட் டிசிஷன், அதாவது மதிப்பிடும் மூவரில் இருவர் ஒருவருக்கும் மூன்றாமவர் மற்றவருக்கும் வெற்றி தருவது.

இதற்கு ‘மாறுபட்ட தீர்ப்பு’ என்று வைக்கலாம் என்றார் நம் வழக்கறிஞர் நண்பர். வேண்டாம் ஐயா. உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு தந்தால் வழக்கு முடியாது, மூன்றாவது நீதிபதியிடம் போகும். 2018இல் 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதிநீக்க வழக்கில் ஊரே பார்த்தது. குத்துச்சண்டையிலோ அந்த இடத்திலேயே வெற்றி முடிவாகிவிடுகிறது. ஸ்பிங்ஸ் சண்டையில் ஒருவர் 143-142 என்று அலிக்குக் கொடுத்தார். மற்ற இருவர் 145-140, 144-141 என்று ஸ்பிங்ஸுக்குக் கொடுத்தார்கள். கதை முடிந்தது. ‘பிளவுத் தீர்ப்பு’ என்றே வைத்துக்கொள்வோம்.

இனி நம் டி.கே.ஓ. சிக்கலுக்கு வருகிறேன். நான்காவது தோல்வி, 1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ், லேரி ஹோம்ஸ். அலிக்கு வயது 38. ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலிக்குப் பயிற்சித் துணையாக இருந்தவர். பத்துச் சுற்றும் ஹோம்ஸுடையவை. ஆனால் அலி ஒருமுறைகூட விழவில்லை. பத்தாவது சுற்று முடிந்து வந்து உட்கார்ந்தவரைப் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ திரும்ப அனுப்பவில்லை. அலி முழுநேரம் ஆடி முடிக்காமல் தோற்றது இது ஒன்றுதான். சில பதிவேடுகள் இதை டி.கே.ஓ. என்கின்றன, சில ஆர்.டி.டி. (ரிட்டயர்ட், விலகல்) என்று தனியாகக் குறிக்கின்றன. இங்கே ‘தொழில்நுட்ப நாக்-அவுட்’ என்று போட்டால் இரண்டு சொல்லுமே பொய்யாகிவிடும்.

சண்டையை நிறுத்தியது யார் என்பதைச் சொல்லிலேயே காட்டலாம். நடுவர் நிறுத்தினால் ‘நடுவர் நிறுத்தம்’. வீரரோ அவருடைய ஆட்களோ நிறுத்தினால் ‘தரப்பு நிறுத்தம்’. பொதுவாகச் சொல்ல ‘நிறுத்தத் தோல்வி’, ‘நிறுத்த வெற்றி’. அலியின் வெற்றிகளிலும் இது நன்றாக உட்காருகிறது. 1966இல் லண்டனில் ஹென்றி கூப்பருக்குக் கண்ணருகே கிழிந்து ரத்தம் கொட்டியபோது சண்டை நின்றது நடுவர் நிறுத்தம். 1964இல் சோனி லிஸ்டன் ஏழாவது சுற்றுக்கு எழுந்து வராமல் உட்கார்ந்துவிட்டதும், 1975இல் மணிலாவில் ஃப்ரேசியர் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் நிறுத்தியதும் தரப்பு நிறுத்தம். ‘மூலை நிறுத்தம்’ என்று ஒருவர் முன்மொழிந்தார். வீரரின் ஆட்கள் மேடையின் மூலையில் நிற்பதால் ஆங்கிலத்திலிருந்து நேரடியாக வந்த சொல்தான், ஆனால் தமிழில் மூலை என்றாலே ஒதுக்கிவைத்த இடம் என்ற வாடை அடிக்கிறது. ‘தரப்பு’ என்றால் லிஸ்டன் தானே விலகியதும் ஃபட்ச் விலக்கியதும் இரண்டும் அடங்கும்.

‘நிறுத்தம்’ என்றால் பேருந்துதான் நினைவுக்கு வருகிறது என்ற கேலியையும் படித்தேன். போர்நிறுத்தம், வேலைநிறுத்தம் என்று சொல்லும்போது யாரும் பேருந்தைத் தேடுவதில்லையே!

ஐந்தாவது தோல்வியில் சொல்லுக்கு வேலையில்லை. 1981 டிசம்பர் 11, பஹாமாஸின் நசாவ், டிரெவர் பெர்பிக், பத்துச் சுற்று, ஒருமனத் தீர்ப்பு. முறையான மணி கிடைக்காமல் மாட்டு மணியை அடித்து நடத்திய சண்டை. அலி அத்துடன் கையுறையைக் கழற்றிவிட்டார்.

1980இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில், எம்.ஜி.ஆர். முன்னிலையில், அலி ஜிம்மி எல்லிஸுடன் மோதியதை எதில் சேர்ப்பது என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். எதிலும் இல்லை. அது ‘காட்சிச் சண்டை’, பதிவேட்டுக்குப் போகாது.

‘பட்டப் பறிப்பு’, ‘பட்ட இழப்பு’ இரண்டையும் தனித்தனியாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 1967இல் ராணுவத்தில் சேர மறுத்ததற்காகப் பட்டத்தைப் பறித்தார்கள், அங்கே தோல்வியே இல்லை. உலகப் பட்டத்தை அலி சண்டையில் இழந்தது ஸ்பிங்ஸிடம் மட்டும்தான். அதையும் அதே ஆண்டு செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் மீட்டுவிட்டார்.

மெஜாரிட்டி டிசிஷனுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. இருவர் ஒரு பக்கம், மூன்றாமவர் சமம் என்று எழுதும் தீர்ப்பு அது. ‘பெரும்பான்மைத் தீர்ப்பு’ என்றால் பிளவுத் தீர்ப்பும் அதற்குள் வந்துவிடுகிறது. யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், பட்டியலை அதன்பின் பூட்டலாம்.